பையர் பட்டியல் வெளியே போகாமல் தள ஐகான்களை எடுக்க நான்கு வழிகள்

திருப்பூரில் ஒரு நடுத்தரப் பின்னலாடை ஏற்றுமதி அலுவலகத்தில் தினமும் திறக்கப்படும் இணையதளங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஜிஎஸ்டி தளம், சுங்கத்துறையின் ஐஸ்கேட், டிஜிஎஃப்டி, பிஎஃப், இஎஸ்ஐ, மின்வாரியக் கட்டணம், இரண்டு மூன்று வங்கிகள், கன்டெய்னர் எங்கே இருக்கிறது என்று பார்க்கக் கப்பல் கம்பெனிகளின் பக்கங்கள், கூரியர், அப்புறம் ஒவ்வொரு பையருக்கும் (நம்மிடம் ஆடை வாங்கும் நிறுவனம்) தனியாக ஒரு வெண்டர் போர்ட்டல், அதாவது அவர்களுக்குச் சப்ளை செய்பவர்கள் நுழையும் தளம். இதோடு அலுவலகத்துக்குள்ளேயே ஓடும் ஈஆர்பி (ஆர்டர், கணக்கு எல்லாவற்றையும் பார்க்கும் மென்பொருள்), வருகைப் பதிவு மெஷின், கேமரா பெட்டி, டெஸ்ட் ரிப்போர்ட்டுகளைச் சேர்த்து வைத்திருக்கும் நாஸ் என்ற சேமிப்புப் பெட்டி. எல்லாவற்றையும் கட்டம் கட்டமாக ஒரே பக்கத்தில் அடுக்கி, பிரவுசரைத் திறந்ததும் அதுவே வரும்படி வைத்துவிட்டால் பாதி குழப்பம் தீரும்.

அந்தக் கட்டங்களில் தளத்தின் ஐகான் (அதன் சின்ன அடையாளப் படம்) இருப்பது அலங்காரத்துக்காக என்று நினைக்க வேண்டாம். ஷிப்மென்ட் நாளில் மெர்ச்சண்டைசர் யாரும் பெயரைப் படிப்பதில்லை. நிறத்தையும் வடிவத்தையும் பார்த்துத்தான் கை போகிறது. ஒரு ஐகான் மாறிப்போனால் அக்கவுண்ட்ஸ் அக்கா உடனே கேட்பார்: “ஏனுங்க தம்பி, அந்தப் பச்சக் கட்டத்தக் காணமுங்களே?” தளம் அதே இடத்தில்தான் இருக்கும், பச்சை மட்டும் போயிருக்கும்.

சரி, இந்த ஐகான்களை யார் எடுத்து வருவது? கூகுள், டக்டக்கோ போன்றவர்கள் தரும் வெளிச் சேவையைப் பயன்படுத்தலாம். ஏற்கெனவே எழுதப்பட்ட ஒரு சர்வரை நம் கம்ப்யூட்டரிலேயே ஓட்டலாம். நாமே ஒரு சின்ன சர்வீஸ் எழுதலாம். அல்லது, சர்வீஸே இல்லாமல், இரவில் ஒரு ஸ்கிரிப்ட் ஓடி எல்லா ஐகான்களையும் ஒரு ஃபோல்டரில் போட்டு வைக்கும்படி செய்யலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பட்டியலை எழுதுவது நீங்கள் மட்டும்தான் என்றால் நாலாவது வழியே போதும், அதுவே நல்லது. யார் வேண்டுமானாலும் எந்த முகவரியை வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்றால்தான் சர்வீஸ் தேவைப்படும். அப்போது ஐகானைத் தேடும் வேலை சுலபம். சர்வீஸ் எங்கெல்லாம் போகக்கூடாது என்று வேலி போடுவதுதான் பெரிய வேலை.

ஐகானை எங்கே தேடுவது?

1999 மார்ச்சில் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 தான் இந்தப் பழக்கத்தைத் தொடங்கி வைத்தது. தளத்தின் முதல் முகவரிக்குக் கீழே ஃபேவிகான் டாட் ஐகோ என்ற பெயரில் ஒரு கோப்பு இருந்தால் அதை எடுத்துக்கொள்ளும். அப்போது யாராவது பக்கத்தை விருப்பப் பட்டியலில் சேர்க்கும்போதுதான் பிரவுசர் அந்தக் கோப்பைக் கேட்கும். அதனால் எத்தனை பேர் சேர்த்தார்கள் என்பதைத் தள உரிமையாளர்கள் சர்வர் லாக்கைப் பார்த்தே ஓரளவு கணித்துவிட முடிந்தது. ஐகான் கேட்பதிலேயே ஒரு தகவல் கசியும் என்பது அந்தக் காலத்திலிருந்தே இருக்கிற விஷயம்.

பிறகு பக்கத்தின் தலைப்பகுதியில் லிங்க் டேக் வழியாக ஐகான் எங்கே இருக்கிறது என்று சொல்லும் முறை வந்தது. 2008-இல் ஐபோன் முகப்புத் திரைக்காக ஆப்பிள் டச் ஐகான் சேர்ந்தது. அதன் பிறகு வெப் ஆப் மேனிஃபெஸ்ட் என்ற ஜேசான் கோப்பு; அதில் 192, 512 பிக்சல் அளவுகளில் படங்கள் இருக்கும். 2020-இல் குரோம் 80 வந்ததும் எஸ்விஜி (படத்தை உரையாக எழுதி வைக்கும் கோப்பு வகை) ஐகான்களும் பரவின. ஆக, இன்றைக்கு ஒரு ஐகானைத் தேடுவது என்றால் நாலைந்து இடங்களைப் பார்த்து, கிடைத்ததில் பொருத்தமான அளவைத் தேர்ந்தெடுப்பது. கட்டப் பக்கத்துக்கு ஆப்பிள் டச் ஐகான்தான் என் முதல் தேர்வு. பெரும்பாலும் 180 பிக்சலில், பின்னணி நிறத்தோடு, சுத்தமாக இருக்கும்.

கிடைத்தது படம்தானா என்று பார்ப்பதையும் விட்டுவிடக் கூடாது. பல தளங்கள் ஐகான் இல்லாத இடத்தில் 404 (இல்லை) என்று சொல்லாமல், 200 (சரி) என்று பதில் தந்து ஒரு எச்டிஎம்எல் பக்கத்தை அனுப்பும். சர்வர் சொல்லும் கோப்பு வகையை நம்பாமல் முதல் சில பைட்டுகளைப் பார்த்தால் போதும். ஐகோ கோப்பு 0, 0, 1, 0 என்று தொடங்கும். அதன் தலைப்பு 6 பைட். அப்புறம் உள்ளே இருக்கும் ஒவ்வொரு படத்துக்கும் 16 பைட் விவரம். அந்த விவரத்தில் அகலம் 0 என்று இருந்தால் 256 பிக்சல் என்று பொருள். இதைக் கவனிக்காத நிரல், இருப்பதிலேயே பெரிய படத்தை மிகச் சின்னது என்று நினைத்து ஒதுக்கிவிடும்.

வெளிச் சேவை

ஒரே ஒரு வரி. படத்தின் முகவரியாகக் கூகுளின் ஃபேவிகான் முகவரியைப் போட்டு, கடைசியில் தளத்தின் பெயரையும் வேண்டிய அளவையும் சேர்த்தால் ஐகான் வந்துவிடும். டக்டக்கோவிலும் இதே மாதிரி ஒன்று உண்டு. சர்வர் வேண்டாம், பராமரிப்பு வேண்டாம். நம் ஸ்கிரிப்ட்டை ரோபோ என்று சொல்லித் தடுக்கிற தளங்களின் ஐகான்கள்கூட இவர்களிடம் பெரும்பாலும் கிடைக்கும். ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டி அலுவலகம், பத்துப் பொதுத் தளங்கள் என்றால் இதில் தயங்க ஒன்றுமில்லை. அதைவிட எளிது, பத்து ஐகான்களையும் ஒருமுறை கையாலேயே சேமித்துவிடுவது.

திருப்பூர் அலுவலகத்துக்கு இது ஆகாது என்று நான் சொல்வதற்குக் காரணம் பையர்கள். எந்தப் பையருக்கு யார் தைக்கிறார்கள் என்பது இந்த ஊரில் அடுத்த காம்பவுண்டுக்குச் சொல்லாத விஷயம். கட்டப் பக்கத்தைத் திறக்கும்போது பிரவுசர் வெளிச் சேவையிடம் ஒவ்வொரு தளத்தின் பெயரையும் சொல்லித்தான் ஐகான் கேட்கிறது. பிரவுசர் சேமிப்பில் இல்லாத ஒவ்வொரு முறையும் மொத்தப் பட்டியலும் அலுவலகத்தின் ஐபி முகவரியோடு ஒரே நொடியில் போய்ச் சேர்கிறது. “தளத்தைத் திறந்தாலே இணைய இணைப்பு தருகிறவருக்குத் தெரியத்தானே போகிறது” என்று ஒரு வாதம் உண்டு. அங்கே தெரிவது அன்றன்று போன தளம் மட்டும். இங்கே அன்றைக்குத் தொடாத பையரின் பெயரும் சேர்ந்து போகிறது. கூகுளோ டக்டக்கோவோ அதை வைத்து ஏதாவது செய்வார்கள் என்று நான் சொல்லவில்லை. தர வேண்டிய அவசியமே இல்லாத ஒன்றை ஏன் தர வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

இன்னொரு குறை நேரடியானது. 192.168 என்று தொடங்கும், அலுவலகத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரியில் இருக்கும் ஈஆர்பிக்கும் நாஸுக்கும் வெளியே இருந்து யாராலும் ஐகான் எடுக்க முடியாது. கட்டங்களில் கணிசமான பகுதி வெறுமையாகவே நிற்கும்.

தயார் சர்வர்

சொந்தமாக ஓட்டக்கூடியவற்றில் பெஸ்ட்ஐகான் என்ற திறமூல நிரல் நன்றாகச் செய்யப்பட்டது. கோ மொழியில் எழுதியது, டாக்கரில் (நிரலைத் தேவையானவற்றோடு சேர்த்துக் கட்டி ஓட்டும் கருவி) ஒரே கட்டளையில் எழுந்துவிடும். குறைந்தபட்சம் இவ்வளவு, விரும்புவது இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்று அளவைக் கேட்கலாம். எதுவுமே கிடைக்காவிட்டால் தளத்தின் முதல் எழுத்தை வண்ணக் கட்டத்தில் வரைந்து தரும். குறிப்பிட்ட டொமைன்களுக்கு மட்டும் வேலை செய் என்று கட்டுப்படுத்தவும் வழி இருக்கிறது. பழைய டெஸ்க்டாப்பிலோ ராஸ்பெர்ரி பை என்ற சின்ன கம்ப்யூட்டரிலோ அலட்டாமல் ஓடும்.

பாஸ்வேர்டுகளைச் சேமிக்க ஏற்கெனவே வால்ட்வார்டன் ஓட்டுகிற அலுவலகம் என்றால் தனியாக எதையும் நிறுவ வேண்டியதே இல்லை. அதற்குள்ளேயே ஐகான் எடுக்கும் பகுதி இருக்கிறது. எடுத்த ஐகானை இயல்பாக 30 நாள் டிஸ்க்கில் வைத்துக்கொள்ளும். கிடைக்காத தளத்தை 3 நாள் கழித்துத்தான் மறுபடி தேடும். கிடைக்கவில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்ல யோசனை. இல்லையென்றால் இல்லாத ஐகானுக்காக ஒவ்வொரு முறையும் போய் நின்று காத்திருக்க வேண்டும்.

எடுத்ததைச் சேமித்து வைக்கும் இடம், அதாவது கேச், எங்கே இருக்கிறது என்பது நம் ஊரில் இன்னும் முக்கியம். பெஸ்ட்ஐகான் கேச்சை ரேமில் வைக்கிறது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு மின்சாரம் நின்று, யுபிஎஸ்ஸும் தீர்ந்து, மறுபடி கரண்ட் வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பிரவுசரைத் திறப்பார்கள். அப்போது எல்லா ஐகான்களையும் புதிதாக எடுத்து வர வேண்டும். மெதுவான ஒரு தளத்துக்காகப் பக்கம் அரைகுறையாகத் தெரியும். முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரை வைத்து அதன் கேச்சை டிஸ்க்கில் எழுதச் சொன்னால் இது சரியாகிவிடும்.

வேலி விஷயம்

ஒரு முகவரியைக் கொடுத்தால் போய் எடுத்து வரும் எந்தச் சர்வீஸுக்கும் ஒரு ஆபத்து கூடவே வருகிறது. அது நெட்வொர்க்குக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறது; கேட்பவர் வெளியே இருக்கலாம். வெளியாள் நேரடியாகத் தொட முடியாத இடத்தை இதன் மூலம் தொடவைக்கலாம். எஸ்எஸ்ஆர்எஃப் (சர்வர் சைடு ரிக்வெஸ்ட் ஃபோர்ஜரி) என்று இதற்குப் பெயர். 2019-இல் அமெரிக்காவின் கேப்பிட்டல் ஒன் வங்கியில் ஏறக்குறைய 10 கோடி அமெரிக்கர்களின் விவரங்கள் திருடப்பட்டது இந்த வழியில்தான். கிளவுட் சர்வருக்குள்ளிருந்து மட்டுமே எட்டக்கூடிய 169.254.169.254 என்ற முகவரியில் இருந்து சாவிகளை எடுக்க வைத்தார்கள்.

நம் அலுவலகத்தில் கிளவுட் இல்லையே என்று விட்டுவிட முடியாது. விருந்தினர் வைஃபையில் இருக்கும் ஒருவரால் இந்தச் சர்வீஸை எட்ட முடிந்தால், உள்ளே இருக்கும் முகவரிகளை ஒவ்வொன்றாகக் கொடுத்து எது உயிரோடு இருக்கிறது என்று பதில் வரும் நேரத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். பழைய ரவுட்டர்கள், கேமரா பெட்டிகள் சிலவற்றில் ஒரு முகவரியைத் திறப்பதே ஒரு கட்டளையாக வேலை செய்யும். ஐகான் தேடப்போன சர்வீஸ் கேமராவை ரீஸ்டார்ட் செய்துவிட்டு வரலாம்.

வேலி எப்படி இருக்க வேண்டும் என்றால்: பெயரை ஐபி முகவரியாக மாற்றியதும் அது உள் முகவரியா என்று பார்க்க வேண்டும். 127, 10, 192.168 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, 169.254, ஐபிவி6-இல் இவற்றுக்கு இணையானவை எல்லாம் தள்ளுபடி. பார்த்த அதே ஐபியோடுதான் இணைய வேண்டும். பார்த்த பிறகு பெயரை மறுபடி தேடினால் இடைப்பட்ட நொடியில் டிஎன்எஸ் (பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் அமைப்பு) பதிலை மாற்றிவிட முடியும். ரீடைரக்ட் (வேறு முகவரிக்குத் திருப்பிவிடுவது) நடக்கும் ஒவ்வொரு முறையும் இதே சோதனை முதலில் இருந்து. வழக்கமான இணையதளங்களுக்கான போர்ட் 80, 443 மட்டும். சில விநாடிகளுக்கு மேல் காத்திருக்கக் கூடாது; படம் ஒரு எம்பியைத் தாண்டினால் பாதியில் நிறுத்திவிட வேண்டும். எஸ்விஜிக்குள் ஸ்கிரிப்ட் இருக்கலாம் என்பதால் வெளியில் இருந்து வந்ததை அப்படியே நம் முகவரியிலிருந்து கொடுக்காமல் பிஎன்ஜி என்ற சாதாரணப் படமாக மாற்றியே கொடுக்க வேண்டும். வால்ட்வார்டனில் உள் முகவரித் தடை இயல்பாகவே போடப்பட்டிருக்கிறது. வேறு எதை எடுத்தாலும் இந்தத் தடை இருக்கிறதா என்று அதன் நிரலிலேயே தேடிப் பாருங்கள். விளம்பர வாசகத்தை நம்ப வேண்டாம்.

இங்கேதான் ஒரு முடிச்சு விழுகிறது. வேலி சரியாக இருந்தால் சர்வீஸ் நம் ஈஆர்பிக்கும் நாஸுக்கும் போகாது. வேலியில் ஓட்டை வைத்தால்தான் அவற்றின் ஐகான் வரும். நேரடியாக ஓடும் எந்தச் சர்வீஸும், யார் எழுதியதாக இருந்தாலும், இந்த முடிச்சை நமக்காக அவிழ்ப்பதில்லை. சொந்தமாக எழுதுவதைப் பற்றித் தனியாக நீட்டி எழுதாததும் இதனால்தான். ஐகானைத் தேடும் பகுதியைப் பைதான் மொழியிலோ கோ மொழியிலோ ஒரே மாலையில் எழுதிவிடலாம். மேலே சொன்ன வேலியை எழுதிச் சோதித்து, வருடக்கணக்கில் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். நிரல் எழுதும் ஆசைக்காகச் செய்கிறீர்கள் என்றால் தாராளமாகச் செய்யுங்கள், நல்ல பாடம். அலுவலக வேலைக்கு என்றால் தயார் சர்வரே மேல்.

இரவில் ஓடும் ஸ்கிரிப்ட்

ஒரு டெக்ஸ்ட் கோப்பு. ஒவ்வொரு வரியிலும் தளத்தின் பெயர், முகவரி, தேவைப்பட்டால் கையால் வைத்த ஐகானின் பெயர். ஸ்கிரிப்ட் இரவில் அந்தக் கோப்பைப் படித்து, ஐகான்களை எடுத்து, எல்லாவற்றையும் ஒரே அளவு பிஎன்ஜியாக மாற்றி ஒரு ஃபோல்டரில் போடும். கட்டப் பக்கத்தைக் கொடுக்கிற அதே என்ஜின்எக்ஸ் அந்த ஃபோல்டரையும் கொடுக்கும். பகலில் ஐகானுக்காக வெளியே ஒரு கோரிக்கைகூடப் போகாது. இன்டர்நெட்டே இல்லாவிட்டாலும் பக்கம் முழுசாகத் தெரியும்.

முகவரிகளை எழுதியது நாம் என்பதால் உள் முகவரி, வெளி முகவரி என்ற பிரச்சினையும் பெரும்பாலும் போய்விடுகிறது. ஈஆர்பியின் முகவரி பட்டியலில் இருந்தால் ஸ்கிரிப்ட் அங்கே போகலாம். அனுமதி தந்தது நாம்தான். வெளித்தளம் ஒன்று உள்முகவரிக்கு ரீடைரக்ட் செய்தால் மட்டும் நின்றுவிட வேண்டும். அதற்கு ஒரே ஒரு சோதனை.

சின்னச் சின்ன விஷயங்கள் இரண்டு மூன்றைச் சரியாகச் செய்துவிட்டால் இதை மறந்தே விடலாம். ஐகான் கிடைக்காவிட்டால் பழையதை அழிக்கக் கூடாது. புதியதைத் தற்காலிகப் பெயரில் எழுதி முடித்துவிட்டு அப்புறம் பெயரை மாற்ற வேண்டும், இல்லையென்றால் கரண்ட் போன நேரத்தில் பாதிப் படம் நிற்கும். லினக்ஸில் நேரம் குறித்து வேலையை ஓட்ட, சாதாரண கிரானைவிடச் சிஸ்டம்டி டைமர் நல்லது. அதில் பெர்சிஸ்டென்ட் என்பதைப் போட்டுவிட்டால், குறித்த நேரத்தில் மெஷின் அணைந்திருந்தாலும் அடுத்து எழுந்தவுடன் விட்டுப்போன வேலையைச் செய்துவிடும். தினமும் ஓட வேண்டும் என்றுகூட இல்லை, வாரம் ஒருமுறை போதும். ஐகான்கள் அப்படி ஒன்றும் அடிக்கடி மாறுவதில்லை.

கையால் வைத்த ஐகான் எதற்கு என்றால், வெண்டர் போர்ட்டல்களுக்கு. இவற்றில் பல, திறந்தவுடன் மைக்ரோசாஃப்ட் லாகின் போன்ற ஒரு பொது நுழைவுப் பக்கத்துக்குத் தள்ளிவிடும். ஸ்கிரிப்ட்டும் அங்கே போய் அந்தப் பக்கத்தின் ஐகானைத்தான் கொண்டு வரும். ஐந்து பையர்களுக்கும் ஒரே நாலு நிறக் கட்டம்! வேறு சில போர்ட்டல்கள் ஜாவாஸ்கிரிப்ட் ஓடிய பிறகுதான் ஐகானைப் போடும். எச்டிஎம்எல்லை மட்டும் படிக்கும் நிரலுக்கு அது தெரியாது. பெஸ்ட்ஐகானுக்கும் இதே கதிதான். ஒரு முறை கையால் வைத்துவிடுவதைவிட இதற்குச் சிறந்த வழி எனக்குத் தெரிந்து இல்லை, ஃபோல்டர் முறையில் அது மிக இயல்பாகப் பொருந்துகிறது.

தமிழ் எழுத்து

ஐகானே இல்லாத தளங்களுக்கு முதல் எழுத்தைக் கட்டத்தில் போடுவது வழக்கம். தயார் சர்வர்கள் டொமைன் பெயரில் இருந்து ஆங்கில எழுத்தை எடுக்கும். நம் பட்டியலில் தளங்களின் பெயர் தமிழில் இருக்கும்போது தமிழ் எழுத்தே வர வேண்டும் என்பது என் ஆசை. ஃபோல்டர் முறையில் அது கைக்கு எட்டிய தூரம்தான். ஆனால் கவனம் வேண்டும்.

‘ஈரோடு’ என்றால் பிரச்சினை இல்லை, ஈ ஒரே குறியீடு. ‘கோவை’க்கு முதல் குறியீட்டை மட்டும் வெட்டினால் க வரும், கோ வராது. யூனிகோடில் கோ என்பது ககரமும் ஓகாரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். திருப்பூரும் தாராபுரமும் இரண்டுமே த ஆகிவிடும். இதற்காக எழுத்துத் தொகுதியாக வெட்டும் வசதி ஜாவாஸ்கிரிப்டில் இருக்கிறது, பைதானுக்கும் நூலகம் இருக்கிறது. அதிலும் ஒரு விதிவிலக்கு: ஸ்ரீ. யூனிகோடின் பொது விதி தமிழில் புள்ளிக்குப் பிறகு வெட்டிவிடும் என்பதால் ஸ்ரீ என்பது ஸ் என்று நின்றுவிடும். க்ஷவுக்கும் அப்படியே. இந்த இரண்டையும் நாமே தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். கொங்குப் பக்கம் கம்பெனிப் பெயர்களில் எத்தனை ஸ்ரீயில் தொடங்குகின்றன என்று சொல்ல வேண்டியதில்லை. ஜாப் ஒர்க் யூனிட்களின் தளங்களை வரிசையாகச் சேர்த்தால் பத்துக் கட்டங்களில் ஸ்ரீ நிற்கும். அதனால் பெயர் ஸ்ரீயில் தொடங்கினால் அதைத் தாண்டி அடுத்த சொல்லின் முதல் எழுத்தை எடுப்பதே பயன் தரும்.

வரைவதிலும் இதே சிக்கல். கோ என்பதில் கொம்பு இடப்பக்கமும் கால் வலப்பக்கமும் வர வேண்டும். எழுத்துகளைச் சேர்த்து அமைக்கும் வசதி இல்லாத பட நூலகங்களில் அவை சிதறிப்போகும். பைதானின் பில்லோவில் ராக்ம் என்ற துணை நூலகம் இருந்தால்தான் சரியாக வரும். இதற்கெல்லாம் அலையாமல், எழுத்தை ஒரு எஸ்விஜிக்குள் உரையாகவே எழுதிவிடுங்கள். அமைக்கும் வேலையைப் பிரவுசர் பார்த்துக்கொள்ளும். இன்றைய விண்டோஸிலும் ஆண்ட்ராய்டிலும் தமிழ் எழுத்துரு இருக்கிறது. இது நாமே எழுதிய எஸ்விஜி என்பதால் ஸ்கிரிப்ட் பயமும் இல்லை. கட்டத்தின் நிறத்தை டொமைன் பெயரில் இருந்து கணக்கிட்டு எடுத்தால் எப்போது ஓடினாலும் அதே நிறம் வரும், அக்கா தேட வேண்டியதில்லை.

எப்போது என் முடிவு மாறும்?

கோவையில் ஒரு கல்லூரி விடுதி மாணவர்கள் சேர்ந்து இணைப்புகளைப் பகிர ஒரு பக்கம் வைக்கிறார்கள் என்று வையுங்கள். யார் எதை ஒட்டுவார்கள் என்று தெரியாது, ஒட்டியவுடன் ஐகான் வர வேண்டும். அங்கே இரவு ஸ்கிரிப்ட் உதவாது. உள் தளங்களும் பட்டியலில் இருக்காது என்பதால் நான் சொன்ன முடிச்சும் இல்லை. பெஸ்ட்ஐகானைக் கல்லூரி நெட்வொர்க்குக்கு வெளியே தனி மெஷினில் வைத்து, உள் முகவரிகளுக்கு ஃபயர்வாலிலேயே தடை போட்டு, முன்னால் என்ஜின்எக்ஸ் கேச் வைப்பேன். நிரலுக்குள் இருக்கும் தடையைவிட ஃபயர்வால் தடை உறுதியானது, நிரலில் பிழை இருந்தாலும் அது நிற்கும்.

ஐகானைப் பார்த்து ஒரு தளத்தை நம்பலாம் என்ற எண்ணம் மட்டும் எந்த வழியிலும் வேண்டாம். பூட்டுப் படத்தை ஐகானாக வைத்துப் பாதுகாப்பான தளம் போலக் காட்டிக்கொள்ள முடிந்ததால்தான் 2012-இல் ஃபயர்பாக்ஸ் 14 முகவரிப் பட்டையில் இருந்து தள ஐகானையே எடுத்துவிட்டது. வங்கியின் கட்டத்தை நம்பலாம் என்றால், அதன் முகவரியை அலுவலகத்தில் ஒருவர் சரிபார்த்து அந்த டெக்ஸ்ட் கோப்பில் எழுதியிருக்கிறார் என்பதால்தான். ஆகவே அந்தக் கோப்பைத் திருத்தும் உரிமையை இரண்டு பேருக்கு மேல் தராதீர்கள். ஐகான் ஃபோல்டரோடு சேர்த்து அதையும் பேக்அப் எடுத்து வையுங்கள்.